ஜோ ஷஸ்டரின் 'வீழ்ச்சி' என்னும் கட்டுக்கதை

சூப்பர்மேனை முதன்முதலில் வரைந்த கைதான் 1954இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடைகளில் மறைத்துவைத்து விற்கப்பட்ட பாலியல் குறுநூல்களுக்கும் படம் போட்டது. அந்த வரிசையின் பெயர் 'நைட்ஸ் ஆஃப் ஹாரர்'. காகித அட்டை, கதைக்கு இடையிடையே கறுப்பு வெள்ளைப் படங்கள், எந்தப் படத்தின் கீழும் ஓவியர் பெயர் கிடையாது. அரை நூற்றாண்டு கழித்துப் பழைய புத்தகக் குவியலில் ஒரு பிரதியைப் பார்த்த சித்திரக்கதை வரலாற்றாளர் கிரெய்க் யோ, கோட்டை வைத்தே ஆளை அடையாளம் கண்டார். 2009இல் 'சீக்ரெட் ஐடென்டிட்டி' என்ற பெயரில் அந்தப் படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அன்றிலிருந்து ஜோ ஷஸ்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: பாவம், எப்படி இருந்த மனுஷன் எப்படி விழுந்துவிட்டார்!

அந்தப் பாட்டை அதைப் பாடுகிறவர்களின் சுருதியிலேயே முதலில் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கு மாசற்ற ஒரு வீரனைக் கொடுத்த கலைஞர் ஏமாற்றப்பட்டார். வேலை போயிற்று, பார்வை மங்கியது, கையில் காசில்லை. வறுமை அவரைச் சாக்கடையில் தள்ளியது. அங்கே வரைந்தவை அவர் வாழ்க்கையின் அடிமட்டம். வெட்கப்பட்டுத்தான் அவர் பெயர் போடவில்லை. 1992இல் இறக்கும்வரை வாய் திறக்கவும் இல்லை. அந்தப் படங்களில் சூப்பர்மேனின் மறுவேடமான கிளார்க் கென்டையும் கதையின் நாயகி லோயிஸ் லேனையும் அச்சு அசலாக உரித்துவைத்த மாதிரி ஆட்கள் சாட்டையும் கயிறுமாக நிற்பதால், சூப்பர்மேனின் இருண்ட மறுபக்கம் அங்கே தெரிகிறது. பெரியவர் மீது மரியாதை இருந்தால் இதையெல்லாம் கிளறாமல் விட்டிருக்க வேண்டும்.

இதில் மூன்று விஷயங்கள் உண்மை. வறுமை உண்மை. முகஜாடை உண்மை, சித்திரக்கதையே படிக்காதவருக்கும் அது பட்டென்று தெரியும். சரக்கு மோசமானது என்பதும் உண்மை. பெண்களைக் கட்டிவைத்து அடிப்பதும், சில இடங்களில் பெண்கள் ஆண்களை அடிப்பதும்தான் அந்த நூல்களின் வியாபாரம். அதற்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. இந்த மூன்றையும் கோத்து 'வீழ்ச்சி' என்று பெயர் சூட்டுகிறார்களே, அங்கேதான் என் சண்டை.

1. விழுந்தார் என்றால், எந்தத் தேதியில் விழுந்தார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை அங்கேயே இடறும்.

ஷஸ்டர் 1914இல் டொரன்டோவில் பிறந்து கிளீவ்லாந்தில் வளர்ந்தவர். கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்ரி சீகலோடு சேர்ந்தார். சீகல் எழுதுவார், இவர் வரைவார். ஆண்டுக்கணக்கில் எல்லோரும் திருப்பி அனுப்பிய சூப்பர்மேன் 1938 மார்ச்சில் விலைபோனான். பதின்மூன்று பக்கம், பக்கத்துக்கு 10 டாலர், ஆக 130 டாலர். அந்தத் தொகைக்குப் போனது பதின்மூன்று பக்கம் மட்டுமல்ல. பாத்திரத்தின் மீதான உரிமை மொத்தமும் என்றென்றைக்குமாகப் போயிற்று. அந்தக் காசோலை இன்றும் இருக்கிறது. வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு, பாத்திரத்தை வாங்கிய நிறுவனத்தின் ஜாக் லீபோவிட்ஸ் எழுதிக் கொடுத்தது. அதில் இருவர் பெயரும் பிழையாக இருந்தது. பணத்தை மாற்றுவதற்காக இருவரும் பின்பக்கத்தில் பிழையான பெயரில் ஒரு தரம், சரியான பெயரில் ஒரு தரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 2012இல் அந்தக் காகிதத் துண்டு ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. 130 டாலருக்கு வாங்கிய சரக்கின் ரசீதுக்கே இந்த விலை!

விற்ற மறுநாளே பட்டினி கிடந்தார்கள் என்று சொல்வதும் மிகைதான். சூப்பர்மேன் சூடு பிடித்ததும் சில ஆண்டுகள் நல்ல வருமானம் வந்தது. ஷஸ்டர் உதவி ஓவியர்களை வைத்து ஒரு கூடமே நடத்தினார். ஆனால் அது பக்கத்துக்கு இவ்வளவு என்று வரும் கூலி. கூலி கொடுப்பவன் நிறுத்தினால் நின்றுபோகும். 1947இல் இருவரும் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சுமார் 94,000 டாலருக்குச் சமரசம். வழக்குச் செலவு போக மிஞ்சியது கொஞ்சம். சூப்பர்மேன் பக்கங்களிலிருந்து அவர்கள் பெயர் எடுக்கப்பட்டது. அதே 1948இல் 'ஃபன்னிமேன்' என்ற புதுப் பாத்திரத்தோடு வந்தார்கள், அது ஓடவில்லை.

ஆக, வீழ்ச்சிக்குத் தேதி வேண்டுமென்றால் 1938 இருக்கிறது, 1948 இருக்கிறது. இரண்டும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தேதிகள். 1954 அவற்றின் பின்விளைவு. 'வீழ்ச்சி'க் கதை சொல்கிறவர்களோ விளக்கை முழுவதுமாக 1954 மீது திருப்புகிறார்கள். ஒப்பந்தம் பீடிகையாகச் சுருங்கிவிடுகிறது, சாட்டைப் படங்கள் உச்சக்காட்சி ஆகின்றன. படிப்பவர் மனத்தில் தங்குவது எது என்று சொல்லத் தேவையில்லை.

பெயரில்லாமை விஷயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். 1954இல் ஷஸ்டரின் பெயர் இரண்டு இடங்களில் இல்லை. குறுநூல்களில் இல்லை, போட்டிருந்தால் போலீஸ் வந்திருக்கும் என்பதால் அது அவருக்குப் பாதுகாப்பு. மாதாமாதம் லட்சக்கணக்கில் அச்சாகி, பெற்றோர் தாங்களே வாங்கிக் கொடுத்த சூப்பர்மேன் இதழிலும் இல்லை. அங்கே அது தண்டனை. இந்த இரண்டில் எதை இழிவு என்று சொல்வது? நம் கதைசொல்லிகள் முதலாவதைச் சொல்கிறார்கள். இரண்டாவது அவர்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை.

2. எந்த உயரத்திலிருந்து விழுந்தார்? வீழ்ச்சி என்றால் மேலே ஓர் இடம் இருந்தாக வேண்டும். தூய்மையான, குழந்தைகளுக்கான, ஒழுக்கமான சித்திரக்கதை உலகம் ஒன்று இருந்தது, அதிலிருந்து ஷஸ்டர் வழுக்கினார் என்பது இந்தக் கதையின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரத்தில் செங்கல்லே இல்லை.

சூப்பர்மேனை வாங்கிய நிறுவனத்தின் முதலாளி ஹாரி டோனன்ஃபெல்ட். சித்திரக்கதைக்கு வருவதற்கு முன் அவர் காசு பார்த்தது அரைகுறை ஆடைப் பெண்களை அட்டையில் போட்டு விற்ற மலிவு விலைப் பத்திரிகைகளில். 1934இல் தொடங்கிய 'ஸ்பைசி டிடெக்டிவ்' அந்த வகையில் பேர்பெற்றது. அதில் துப்பறியும் பெண் ஒருத்தி ஆடை கிழிந்து, கட்டுண்டு, தப்பிக்கும் படக்கதைத் தொடரும் வந்துகொண்டிருந்தது. அதே ஆள், அதே விநியோக வழிகள். சரக்கு மட்டும் மாறியது. இந்த முதலாளி பாலியல் பத்திரிகையிலிருந்து சூப்பர்மேனுக்கு வந்தபோது அதைத் தொழில் வளர்ச்சி என்றார்கள். கூலிக்கு வரைந்தவர் எதிர்த்திசையில் நடந்தால் வீழ்ச்சியாம்!

இன்னொரு சாட்சியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உளவியலாளர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் படைத்த வொண்டர் வுமன் 1941இன் இறுதியில் வெளிவந்தாள். அந்தத் தொடரின் ஆரம்ப ஆண்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: கயிறு, சங்கிலி, விலங்கு, கண்கட்டு இல்லாத இதழைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களே ஆட்சேபித்தார்கள். மார்ஸ்டன் தன் கொள்கை அது என்று விளக்கம் சொன்னார், கதை தொடர்ந்தது. குழந்தைகள் கடைக்குப் போய்ப் பத்து சென்ட் கொடுத்து வாங்கினார்கள்.

முதல் சூப்பர்மேன் கதையும் நாம் நினைக்கிற அளவுக்குச் சாதுவல்ல. 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் ஆளுநரின் வீட்டுக் கதவைப் பிய்த்தெறிகிறான், மனைவியை அடிப்பவன் ஒருவனைத் தூக்கிச் சுவரில் மோதுகிறான், ஊழல் பேர்வழி ஒருவனை மின்கம்பி மேல் தூக்கிக்கொண்டு ஓடிக் கதறவைக்கிறான். சட்டத்தை மதிக்காத, அடிப்பதில் சந்தோஷப்படுகிற முரட்டுப் பையன் அவன். கொடி பிடித்து நிற்கும் பெரிய மனிதனாக அவனை ஆக்கியது பிற்பாடு வந்த நிர்வாகம். ஷஸ்டர் எந்தக் கோயிலிலிருந்து வெளியேறினார் என்கிறீர்களோ, அந்தக் கோயில் அவர் வெளியேறிய பிறகுதான் கட்டப்பட்டது.

3. அந்த முகங்கள் சூப்பர்மேனுடையவை அல்ல, ஷஸ்டருடையவை. குறுநூல் படங்களில் அகன்ற தோள், சதுரத் தாடை, கீற்றுபோல் இடுக்கிய கண்கள் உள்ள ஆண் வருகிறான். உடனே கிளார்க் கென்ட் என்கிறார்கள். வில்லாக வளைந்த புருவம், கூர்மையான முகவாய், குதிகால் செருப்போடு ஒரு பெண். உடனே லோயிஸ். மொட்டைத்தலை வில்லன் ஒருவன் வந்தால் லெக்ஸ் லூதர். பட்டியல் கச்சிதம்தான். ஆனால் இது எதை நிரூபிக்கிறது?

சூப்பர்மேன் அச்சேறுவதற்கு முன்பே ஷஸ்டர் வரைந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1935இல் தொடங்கிய டாக்டர் ஆக்கல்ட், 1937இல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த ஸ்லாம் பிராட்லி. இருவருக்கும் அதே தாடை, அதே கீற்றுக் கண்கள். பிராட்லிக்கு மேலங்கி மாட்டினால் சூப்பர்மேன், அவ்வளவுதான். மாதம் தவறாமல் பக்கம் நிரப்ப வேண்டிய சித்திரக்கதை ஓவியருக்குக் கையிருப்பில் ஐந்தாறு முகம்தான் இருக்கும். கதாநாயகன், கதாநாயகி, அடியாள், கிழவர், குண்டர் தலைவன். எந்தக் கதை கொடுத்தாலும் அந்த ஐந்தாறு பேர்தான் வேஷம் மாற்றி வருவார்கள். பார்வை மங்கிவரும் ஓவியர் என்றால் கை இன்னும் அதிகமாகப் பழக்கத்தை நம்பும். ஒரே நடிகர் பக்திப் படத்திலும் கொள்ளைக்காரப் படத்திலும் வந்தால் சாமியே கொள்ளையடித்தார் என்று யாரும் சொல்வதில்லையே!

ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். இந்தப் படங்கள் ஷஸ்டருடையவை என்பதற்கே அடிப்படை, அவருடைய கை எங்கே போனாலும் அவருடைய முகங்களையே வரையும் என்பதுதான். கையெழுத்து இல்லாத படத்தைக் கோட்டின் போக்கை வைத்து அடையாளம் கண்டவர்கள் அந்த வாதத்தை நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். அதை ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிஷமே, 'அவர் வேண்டுமென்றே சூப்பர்மேனை இழுத்து இங்கே கொண்டுவந்தார், நிறுவனத்தைப் பழிவாங்கினார், அடக்கிவைத்த ஆசையைத் தீர்த்துக்கொண்டார்' என்று கட்டுவது எப்படிப் பொருந்தும்? தன்னையறியாமல் வந்த முகம் என்பதால்தானே ஆளைப் பிடித்தோம்!

மேலும், அந்தக் கதைகளை அவர் எழுதவில்லை. எழுதியவர் வேறு, பதிப்பித்தவர் வேறு. எந்தக் காட்சிக்குப் படம் வேண்டும் என்பதை எழுத்து தீர்மானித்தது. இதை வைத்து அவருக்கு அதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் முடிவுகட்டப் போவதில்லை. ஒரு மனிதருடைய உள்ளத்தைக் கூலிப் படத்திலிருந்து இரு திசையிலும் படிக்க முடியாது. உளவியல் சோதிடம் பார்ப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு 'இரட்டை அடையாளம்' என்ற கவர்ச்சியான தலைப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

4. இரக்கம் என்று நினைத்துக்கொண்டு ஃப்ரெட்ரிக் வெர்தாமின் வாதத்தையே சொல்கிறோம். அந்த வாதம் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க 1954க்கே போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் மனநல மருத்துவர் வெர்தாமின் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' வெளிவந்தது. சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது அதன் குற்றச்சாட்டு, சூப்பர்மேனும் தப்பவில்லை. அதே மாதம் செனட் துணைக்குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஆகஸ்டில் புரூக்ளினில் நான்கு பதின்வயதுப் பையன்கள் கைதானார்கள். பூங்காவில் பெண்களைச் சாட்டையால் அடித்தது, ஆண்களைத் தாக்கிக் கொன்றது ஆகியவை அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள். நகரமே நடுங்கியது. அவர்களின் தலைவனைச் சந்தித்துப் பேசிய வெர்தாம், அவன் படித்தவற்றில் 'நைட்ஸ் ஆஃப் ஹார'ரும் இருந்ததைக் காட்டி, குற்றத்தின் செய்முறையே அங்கிருந்து வந்தது என்றார். செப்டம்பரில் நியூயார்க் நகர நிர்வாகம் அந்த நூல்களை விற்ற கடைக்காரர்கள் மீது வழக்குத் தொடுத்தது.

வெர்தாமைக் கோமாளியாக்குவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த வழக்குகளில் அவருடைய ஆய்வும் சான்றாகப் பயன்பட்டது. நல்லெண்ணம் இருந்தது. ஆனால் நல்லெண்ணம் சான்றாகாது. அவருடைய தாள்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012இல் எழுதினார். பிள்ளைகளின் வயதை மாற்றியது, பலர் சொன்னதை ஒருவர் வாயில் போட்டது, வேண்டாத பகுதியை வெட்டியது எல்லாம் வெளிவந்தன. புரூக்ளின் வழக்கு அந்த ஒப்பீட்டில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தர்க்கம் ஒன்றேதான்: குற்றவாளி கையில் ஒரு புத்தகம் இருந்தது, ஆகவே புத்தகம்தான் குற்றவாளி. சாட்டையடிக் குறுநூலைப் படித்து மடித்துவைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான ஆண்களைப் பற்றி அந்தத் தர்க்கத்துக்குச் சொல்ல எதுவுமில்லை.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 'கிங்ஸ்லி புக்ஸ் எதிர் பிரவுன்', 1957 ஜூன் 24. நூல்கள் ஆபாசமானவை என்பதைக் கடைக்காரர்கள் மறுக்கவே இல்லை. தடைவிதிக்கும் முறையைத்தான் எதிர்த்தார்கள். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதிய தீர்ப்பில் 5க்கு 4 என்ற கணக்கில் நியூயார்க்கின் சட்டம் நின்றது. நூல்களைக் கைப்பற்றி அழிக்கும் உத்தரவும் நின்றது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் மாறுபட்டார். ஆளின் நடத்தையை விசாரிக்காமல் நூலைக் கூண்டில் ஏற்றுவது புத்தக எரிப்பின் வாடை அடிக்கிறது என்பது அவர் கவலை. கீழ் நீதிமன்றத்தில் நடந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது: இனி வெளிவரப்போகும் இதழ்களையும் சேர்த்துத் தடைசெய்யச் சொன்ன நகர நிர்வாகத்தின் கோரிக்கையை நீதிபதி ஏற்கவில்லை. இன்னும் எழுதப்படாத நூலுக்கு எப்படித் தண்டனை கொடுப்பது?

இத்தனையிலும் வரைந்தவர் யார் என்ற கேள்வி எழவே இல்லை. ஒரு பக்கம் சூப்பர்மேனைத் திட்டி, மறு பக்கம் 'நைட்ஸ் ஆஃப் ஹார'ரைத் திட்டிக்கொண்டிருந்த வெர்தாம், இரண்டுக்கும் மூலம் ஒரே கை என்பதைச் சொல்லவே இல்லை, தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா? அந்த இலையுதிர் காலத்தில் சித்திரக்கதை நிறுவனங்கள் பயந்துபோய்த் தணிக்கை விதிகளைத் தாங்களே எழுதிக்கொண்டன. ஷஸ்டரின் பெயர் அப்போது வெளியே வந்திருந்தால் பழியைச் சுமக்க ஆள் தயாராகக் கிடைத்திருப்பார். 130 டாலர் வாங்கிய குற்றத்தோடு நான்கு பையன்களின் குற்றமும் அவர் தலையில் விழுந்திருக்கும்.

இன்று 'இந்தப் படங்கள் அவருக்கு அவமானம்' என்று கண்கலங்குகிறவர் வெர்தாமை ஏற்காதவராக இருக்கலாம். ஆனால் படத்தையே குற்றமாகப் பார்க்கும் பார்வையை அவரிடமிருந்துதான் வாங்கியிருக்கிறார். குற்றம் என்ற இடத்தில் அவமானம் என்று மாற்றிப் போட்டிருக்கிறார்.

5. அவர் வெட்கப்பட்டார் என்று யாரிடம் சொன்னார்? மேலே சொன்னவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், 'அவர் மறைத்ததை நாம் திறக்கலாமா?' என்ற கேள்வி நிற்கும். இந்தத் தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான்.

மேசை இழுப்பறையில் பூட்டிவைத்த அந்தரங்க நோட்டுப்புத்தகத்தை ஒருவர் இறந்தபின் உடைத்து எடுத்தால் நானும் எதிர்ப்பேன். இது அப்படிப்பட்டதல்ல. அச்சடித்து, விலைபோட்டு, மன்ஹாட்டனின் நெரிசல் மிகுந்த இடத்தில் விற்ற சரக்கு. நாட்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் பெயரோடு இடம்பெற்ற நூல். அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அதைச் சந்திக்காமல் தாண்டுவது கடினம். அவர்கள் படிக்கும் வழக்கில் இருந்த படங்களை யார் வரைந்தார் என்பது அந்தரங்கமா, வரலாறா?

மௌனத்துக்கும் எளிய காரணம் இருக்கிறது. விற்றவர்களையே நீதிமன்றத்துக்கு இழுத்த காலத்தில் வரைந்தவர் முன்வந்து பெயர் சொல்வாரா? பிறகு 1975இலிருந்து அவருக்கு வந்த ஓய்வூதியம், சூப்பர்மேனின் நற்பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் நிறுவனத்திடமிருந்து வந்தது. வாயைத் திறந்தால் சோற்றில் மண் விழலாம் என்ற நிலையில் இருப்பவரின் மௌனத்தை வெட்கம் என்று மொழிபெயர்க்க நமக்கு என்ன அதிகாரம்? வெட்கமும் இருந்திருக்கலாம். ஆனால் பயத்துக்கும் வருமானத்துக்கும் சாட்சி இருக்கிறது, வெட்கத்துக்கு இல்லை.

மரியாதை என்ற பெயரில் கலைஞர்களின் வரலாற்றைத் துடைக்கும் வழக்கம் எப்படி முடியும் என்பதற்கு ஓர் ஆங்கில ஓவியரின் கதை போதும். ஜே.எம்.டபிள்யூ. டர்னர் வரைந்த காமப் படங்களை, அவருடைய பெரிய ரசிகரான ஜான் ரஸ்கின் 1858இல் எரித்துவிட்டதாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் எல்லோரும் நம்பினார்கள். ரசிகர் குருவின் மானத்தைக் காப்பாற்றினார் என்று மெச்சிக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் இந்த நூற்றாண்டில்தான், அவற்றில் பெரும்பகுதி லண்டன் டேட் கலைக்கூடச் சேகரிப்பிலேயே பத்திரமாக இருப்பதை இயன் வாரெல் என்ற ஆய்வாளர் காட்டினார். டர்னரின் கடலும் சூரியனும் அதனால் ஒரு மாற்றுக் குறையவில்லை. குறைந்தது ரஸ்கினைப் பற்றிய கதைதான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நான் மதிக்கிறேன். ஸ்பைடர்மேனை ஸ்டான் லீயோடு சேர்ந்து படைத்த ஸ்டீவ் டிட்கோ, 1958இலிருந்து சுமார் பத்தாண்டுகள் எரிக் ஸ்டான்டன் என்ற பாலியல் சித்திரக்காரரோடு மன்ஹாட்டனில் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஒருவர் பக்கத்தில் மற்றவர் கைவைத்தது உண்டு என்றார் ஸ்டான்டன். டிட்கோ மறுத்தார். அங்கே ஆள் வாய்திறந்து ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அதை எடைபோட்டே பேச வேண்டும். ஷஸ்டர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத வாக்குமூலத்தை நாமே எழுதி, அதன் கீழே அவர் கையெழுத்தையும் போடுகிறோம்.

6. எதிர்முகாமுக்கும் இரண்டு வார்த்தை உண்டு. 'வீழ்ச்சி' என்று அழுகிறவர்களுக்குப் பதிலாக 'விடுதலை' என்று கைதட்டுகிறவர்கள் ஒரு சிறு கூட்டமாக வளர்ந்திருக்கிறார்கள். தணிக்கைக்கு எதிராக ஷஸ்டர் கலகம் செய்தாராம்; மறைந்திருந்த மகத்தான கலையாம். கட்டுண்ட பெண்ணின் முகத்தில் பயத்தை வரைந்து காசு வாங்கியதில் எனக்குக் கலகம் தெரியவில்லை. வாங்கியவர்கள் ஆண்கள், அடிபடுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கணக்கு எந்தக் கலைப் பேச்சாலும் மாறாது.

ஆனால் கலைஞரின் கை என்று பார்த்தால் இவற்றுக்கு ஒரு மதிப்பு உண்டு. நாற்பதுகளின் சூப்பர்மேன் பக்கங்களில் பெரும்பகுதி உதவி ஓவியர்கள் வரைந்தது. எது ஷஸ்டர், எது மற்றவர் என்று பிரிக்க நிபுணர்களே திணறுகிறார்கள். இந்தக் குறுநூல்களில் அவர் தனியாக இருக்கிறார். சில படங்கள் அவசரத்தில் கிறுக்கியவை. சிலவற்றில் உடம்பின் எடையும், துணி மடிப்பும், அறையின் மூலையில் விழும் நிழலும் முப்பது வயதில் அவர் வரைந்ததைவிட நன்றாக வந்திருக்கின்றன. பார்வை போய்க்கொண்டிருந்த நாற்பது வயதுக்காரர் என்ன வரைய முடிந்தது என்பதற்கு நம்மிடம் அதிகமாக வேறு சான்று இல்லை. அந்தச் சான்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

இரக்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டுதான், அதை மறுக்கவில்லை. 1975இல் பெரும் செலவில் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது, எழுத்தராக வேலைபார்த்துக்கொண்டிருந்த சீகல் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஷஸ்டருக்கு அப்போது கண் கிட்டத்தட்டத் தெரியாது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் போராடினார்கள். ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது, எடுக்கப்பட்ட பெயரும் திரும்பி வந்தது. ஷஸ்டர் 1992 ஜூலையில் இறந்தபோது சுமார் 20,000 டாலர் கடன் வைத்துவிட்டுப் போனார். உடன்பிறந்தவர்கள் நிறுவனத்தை அணுகினார்கள். நிறுவனம் கடனை அடைத்தது, தங்கைக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் தருவதாகவும் சொன்னது, ஓர் உடன்படிக்கையில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து, காப்புரிமைச் சட்டம் தரும் வாய்ப்பைப் பயன்படுத்தி 1938இல் போன உரிமையை மீட்க ஷஸ்டரின் வாரிசுகள் முயன்றபோது, அந்த உடன்படிக்கையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். 2013இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.